நான் பெயர் சொல்லாத ஊர்

இன்று காலை வெள்ளையடிக்க வந்தவர்கள், முகப்பு அறையின் கண்ணாடி அலமாரியை நகர்த்த வேண்டுமென்று உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து வளவு முற்றத்தில் பரப்பிவிட்டார்கள். பீங்கான் கிண்ணங்கள், வெள்ளிக் கூஜா, உங்கள் மூக்குக் கண்ணாடிக் கூடு, எல்லாவற்றுக்கும் நடுவே அந்தக் கரிக்கட்டி. ஒருத்தன் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, அடுப்புக் கரி ஒண்ணு உள்ள கெடந்துச்சு, குப்பையில போட்டுறவா?" என்று கேட்டான். போடு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனையோ வருஷமாக அதைத் தூக்கி எறிய ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தவள் நான். ஆனாலும் "வையி அங்கிட்டு" என்று ஓர் அதட்டல் போட்டுக் கையில் வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் இருந்திருந்தால் அவனை ஏணியிலிருந்து இறக்கி உட்கார வைத்திருப்பீர்கள். இது அடுப்புக் கரி இல்லையப்பா, ஆஸ்திரேலியாவில் பூமிக்குள்ளிருந்து வெட்டியது, இங்கே பார், இலை எப்படிப் பதிந்திருக்கிறது என்று ஆரம்பித்து, அந்தச் சிவப்பு மண், அந்த வெயில், அந்த ஈ என்று மத்தியானச் சாப்பாடு வரைக்கும் போயிருக்கும். அவன் வெள்ளையடித்த மாதிரிதான். நினைத்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. நீங்கள் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது, இந்த எரிச்சல் மட்டும் போகவில்லை. கைக் கரியைக் கழுவாமலேயே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், காகிதத்தில் அங்கங்கே விரல் பதிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அது மரியாதை. அந்த ஊரின் பெயரையும் சொன்னதில்லை. அது பொறாமை. மூத்தவளும் இளையவளும், அதாவது உங்கள் அண்ணன் தம்பிகளின் பெண்டாட்டிகள், மலேயாவில் இருந்த தங்கள் புருஷன்மார்களுக்கு அங்கே ஒருத்தி இருப்பாளோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கோ ஒரு ஊரே சக்களத்தியாக வந்து வாய்த்தது.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் நாமெல்லாம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம்தான் நான் ராயவரத்திலிருந்து அரிமளத்துக்கு வாழ வந்தேன். பர்மாக் கடை போரோடு போயிருந்தது. உங்கள் அண்ணனும் தம்பியும் மலேயாவுக்குக் கப்பலேற, நீங்கள் மட்டும் வட்டிக்கடை வேண்டாம், எஞ்சினியருக்குப் படிக்கிறேன் என்று மதராசுக்குப் போனீர்கள். நமக்கும் வழக்கப்படி வேறு வைத்தார்கள். போன மாதம் பேரன் பெண்டாட்டி இதைக் கேட்டு அப்படிச் சிரித்தாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அடுப்பு, தனி அரிசி, தனி விறகா, ஒரே வாசலில் போய் வந்துகொண்டு தனித்தனியாகச் சமைப்பீர்களா என்று கேட்டாள். ஆமாம், அப்படித்தான் என்றேன். இரண்டாங்கட்டில் வரிசையாக அடுப்புகள். நடுவில் என்னுடையது. இந்தப் பக்கம் மூத்தவள், அந்தப் பக்கம் இளையவள், எதிரே அயித்தை, உங்கள் ஆத்தா.

தனி அடுப்புக் கொடுத்தார்களே தவிர, தனிப் பேச்சுக் கொடுக்கவில்லை. பெரியவர்கள் முன்னால் ஆண்பிள்ளை தன் பெண்டாட்டியிடம் பேசக் கூடாது, அவளைப் பற்றியும் பேசக் கூடாது. மாமா வளவில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு எதிரே நீங்கள் சாப்பிடுவீர்கள், நான் பரிமாறுவேன். குழம்பு வேண்டுமென்றால் இலையில் விரலால் ஒரு தட்டு. அதுதான் நம் பேச்சு. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் நடப்பு என்பதால் நானும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

பிறகு தென்னாற்காட்டில் பழுப்பு நிலக்கரி தோண்டப் போகிறார்கள் என்று உங்களுக்கு சர்க்கார் வேலை கிடைத்தது. திறந்த சுரங்கத்தில் எப்படி வெட்டுவது என்று பழகி வர உங்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். கடற்கரையிலிருந்து ரயிலில் நாள் கணக்கில் உள்ளே போக வேண்டிய ஊர். பசுமை என்று ஒன்று கிடையாது, கரி ஒன்றுக்காகவே கட்டின ஊர். போகும்போது நம் மகள் கைக்குழந்தை. இரண்டு வருஷம் என்றீர்கள், மூன்றாயிற்று.

கடிதம் வரும். மாமா பெயருக்குத்தான் வரும், அதுவும் வழக்கம். கல்லூரிக்கு இன்னும் போகாத உங்கள் தங்கை மீனா அதை வளவில் நின்று உரக்கப் படிப்பாள். நாங்கள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்போம். மண் நம்முடைய செம்புறாங்கல் மாதிரிச் சிவப்பு. தூரத்தில் மலை, சாயங்காலம் கத்தரிப்பூ நிறமாகிறது. வெயில் நம்மூரை விடக் கூடுதல், ஆனால் வியர்ப்பதில்லை. மெஸ்ஸில் மார்ஜரி அம்மாள் என்று ஒருவர் சாப்பாடு போடுகிறார், நல்ல மனசு. எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். அந்த எல்லோரில் நானும் ஒருத்தி, மாட்டுக் கொட்டகைக்காரனும் ஒருத்தன். மலைக்கு என்ன நிறம் என்று எழுதத் தெரிந்தவருக்கு, பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்க இடம் போதவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் பேச மாட்டேன், விறகை ஒடிப்பேன். உங்களுக்குத் தெரியும். முந்திரிக் கட்டை, தென்னை மட்டை, சுள்ளி என்று தடிமன் வாரியாக ஒடித்து அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கிவிடுவேன். நீங்கள் அங்கே இருந்த மூன்று வருஷமும் என் அடுப்படியில் விறகு அவ்வளவு ஒழுங்காக இருந்தது. கடிதம் வந்த நாளில் அயித்தை எதிர் அடுப்பிலிருந்து, "மெல்ல ஒடி ஆத்தா, வெறகு என்ன செஞ்சுச்சு?" என்பார்கள்.

நீங்கள் வந்து இறங்கியபோது எல்லோரும் பெட்டியைத்தான் பார்த்தார்கள். அதில் மாமாவுக்குக் கம்பளி, மீனாவுக்குப் பேனா, மகளுக்கு ஒரு பொம்மை, எனக்கு ஒரு சால்வை. அப்புறம் இந்தக் கரிக்கட்டி. சால்வையை மாமா முன்னால் மீனாவிடம் கொடுத்து என்னிடம் சேர்த்தீர்கள். கரிக்கட்டியை மட்டும் உங்கள் கையாலேயே துடைத்து அலமாரியில் வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு தென்னாற்காட்டுச் சுரங்கத்திலிருந்து மாதம் ஒருமுறை வருவீர்கள். வந்த அன்று சாயங்காலம் ஊர் ஆண்கள் வளவில் கூடிவிடுவார்கள். ஒரு மாட்டு வண்டியை அப்படியே அள்ளுமளவு வாளி வைத்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்வீர்கள். மழை பெய்த மறுவாரம் அந்தப் பாலை முழுக்கப் பூத்ததைச் சொல்வீர்கள். மார்ஜரி அம்மாள் சுட்ட ரொட்டியைச் சொல்லும்போது உங்கள் குரலே மாறிவிடும். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இந்தக் குரலில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கிறாரா என்று யோசிப்பேன். என் ஆட்டுக் குழம்பு ஒருநாளும் அந்த வளவில் பேசப்பட்டதில்லை. நான் அந்த மார்ஜரியைச் சிவப்பாக, மெலிந்த இடுப்போடு, மஞ்சள் கூந்தலோடு மனசுக்குள் வளர்த்து வைத்திருந்தேன்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் உங்களை மறுபடியும் அந்த ஊருக்கே அனுப்புவதாகச் சொல்லிச் சம்மதம் கேட்டார்கள். இந்த முறை நாலு வருஷம், பெரிய பொறுப்பு. குடும்பத்தை அழைத்துப் போக அனுமதி இல்லை. புரட்டாசி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முகத்தைக் கதவிடுக்கில் பார்த்தேன். போகப் போகிறார் என்று முடிவுகட்டினேன். அன்றே அயித்தையிடம், இவர் போனால் நான் பிள்ளைகளோடு ராயவரம் போய்விடுவேன், அப்புறம் இந்த அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "ரங்கோனுக்குப் போனவுகளை நாங்க பிடிச்சா வச்சோம்? போறவுக போவாக, வருவாக" என்றார்கள் அயித்தை. ரங்கோனிலிருந்து திரும்பியவர்கள் ரங்கோனைப் பார்த்து இப்படி ஏங்கவில்லையே என்று எனக்குப் பதில் இருந்தது. விறகைத்தான் ஒடித்தேன்.

அந்தப் புரட்டாசியில்தான் அவர்கள் வந்தார்கள். உங்கள் பழைய ஃபோர்மேனை இங்கே இயந்திரம் ஓட்டக் கற்றுத்தர அழைத்திருந்தார்களாம். கூடவே அவர் மனைவி மார்ஜரியும் வருகிறார், நம் வீட்டைப் பார்க்க வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கிறார் என்று தந்தி அடித்தீர்கள். ஜீப் தெருவுக்குள் நுழைந்தபோது அரிமளமே வாசலில் நின்றது. நான் சன்னலில் நின்றேன். இறங்கியது மஞ்சள் கூந்தல் இல்லை. என்னை விடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், நல்ல ஆகிருதி, வெயிலில் வெந்து புள்ளி புள்ளியாகச் சிவந்த கை, நரைத்த தலை, ஆண்பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மாறாக எரிச்சல் அதிகமாயிற்று. அழகி என்றால் காரணம் புரியும். இந்த அம்மாளுக்கா அந்தக் குரல் என்று இருந்தது.

வளவில் நாற்காலி போட்டிருந்தது. அவர் உட்காரவில்லை. உங்களைப் பார்த்து ஏதோ கேட்டார், நீங்கள் மாமாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அதற்குள் அவர் விறுவிறுவென்று இரண்டாங்கட்டுக்குள் வந்துவிட்டார். மருமகள்கள் நாங்கள் மூன்று பேரும் அவரவர் அடுப்புக்கு முன்னால் எழுந்து நின்றோம், ஒரே மாதிரிக் கண்டாங்கிச் சேலை, ஒரே மாதிரிக் கொண்டை. யார் யார் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, அடுப்படியைப் பார்த்தார். தடிமன் வாரியாக அடுக்கியிருந்த என் விறகைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். நேரே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பெரிய உடம்போடு என் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் "கவுனி" என்றார். உச்சரிப்புக் கோணல்தான், ஆனால் கவுனிதான். அன்று நான் கவுனிக் கறுப்பரிசியில் சர்க்கரையும் தேங்காயும் போட்டுக் கிண்டி வைத்திருந்தேன். கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். தின்றுகொண்டே பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். நடுநடுவே என் கன்னத்தைத் தொட்டார். நீங்கள் வாசல்படியில் வந்து நின்றீர்கள். என்ன சொல்கிறார்கள் என்று அயித்தை கேட்டார்கள். "வீடு பெருசா இருக்குன்னு சொல்றாங்க ஆத்தா" என்றீர்கள். கதவோரம் நின்றிருந்த மீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

அவள் அப்போது புதுக்கோட்டைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், அந்த இங்கிலீஷ் அவளுக்குப் புரிந்திருக்கிறது. ஜீப் கிளம்பிய பிறகு கிணற்றடியில் பிடித்துக் கேட்டேன். வீடு பெரிசு என்று அந்த அம்மாள் சொல்லவே இல்லையாம். அந்த மெஸ்ஸில் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் போரில் ஊரைத் தொலைத்துவிட்டு வந்தவர்களாம், போலந்து, ஜெர்மனி என்று எங்கெங்கிருந்தோ. சாப்பாட்டுக்குப் பிறகு அவரவர் வீட்டைப் பற்றிப் பேசுவார்களாம். உங்கள் முறை வந்தால் விடவே மாட்டீர்களாம். "அண்ணி, ஒங்க அடுப்பு நடுவுல இருக்கும்னு அவங்களுக்குத் தெரியுது. கோவம் வந்தா வெறகு ஒடிப்பீகன்னு தெரியுது. சிரிச்சா ஒரு பக்கம் மட்டும் கன்னம் குழியுதுன்னு தெரியுது" என்று சொல்லிவிட்டு மீனாவே கொஞ்சம் வெட்கப்பட்டாள். ஊரும் வீடும் இல்லாத அந்த ஆட்களெல்லாம் உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்களாம். இப்படி ஒருத்தி காத்திருக்கிற மனுஷனுக்கு இந்தப் புழுதியில் என்ன வேலை என்று மார்ஜரியம்மாள் உங்களைத் திட்டியிருக்கிறாராம்.

எனக்குச் சந்தோஷம் வந்ததா என்று கேட்டால், வந்தது. அரை நாழிகை இருந்திருக்கும். அப்புறம் அதற்கு மேல் ஒரு பொறாமை வந்தது பாருங்கள், அது முன்னதை விட மோசம். உலகத்தின் அடியில், புழுதிக்கு நடுவில், முன்பின் தெரியாத ஆட்கள் என்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே ரொட்டி தின்றிருக்கிறார்கள். நீங்கள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தையெல்லாம் அந்த மெஸ்ஸில் செலவாகியிருக்கிறது. அங்கே ஒருத்தி மூன்று வருஷம் உங்கள் வாயில் வாழ்ந்திருக்கிறாள், கன்னம் குழியச் சிரித்துக்கொண்டு. அவள் பெயர் என் பெயர்தான். அவள்மேல்தான் எனக்குப் பொறாமை. நான் இங்கே அடுப்பூதிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே ஆலங்குடியில் உங்கள் கூட்டாளியின் அப்பாவுக்கு அறுபதாங்கல்யாணம். புதுக்கோட்டையிலிருந்து பஸ். பக்கத்துப் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று நீங்கள் முதலில் திரும்பிப் பார்த்துக்கொண்டீர்கள். முந்திரிக் காடு வரும்வரை பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

"அங்கிட்டு என்னயப் பத்தி அவ்வளவு பேசினீங்களாமே. இங்க ஒரு வார்த்தை சொன்னா வாயி வலிக்குமா?" என்று கேட்டேன்.

நீங்கள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். பிறகு, "இங்க நீதான் இருக்கியே" என்றீர்கள்.

அதை ஒரு பெரிய பதில் என்று நினைத்துத்தான் சொன்னீர்கள். எனக்கு அந்த பஸ்ஸில் ஒடிக்க விறகு இல்லை. கொஞ்ச தூரம் போனதும் நீங்களே, "அந்த வேலைக்குப் போகவா வேணாமா, நீ சொல்லு" என்றீர்கள். அப்படி ஒரு கேள்வியை அதுவரை என்னிடம் கேட்டதில்லை. போகச் சொன்னால் நாலு வருஷம் அந்த மெஸ்ஸில் தினமும் என் பேச்சாக இருக்கும், எனக்குத்தான் கேட்காது. இருக்கச் சொன்னால் நீங்கள் என் கண்முன் இருப்பீர்கள், வாயைத் திறந்தால் அந்த ஊர்தான் வரும். எது வேண்டும் என்று எனக்குள் ஒரு சண்டையே நடந்தது. கடைசியில் அந்த மெஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற அவளுக்கு உங்களை இன்னொரு தடவை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"போகாதீங்க," என்றேன். "வாயே தெறக்காட்டியும் பரவாயில்ல. இங்கயே இருங்க."

சரி என்று தலையாட்டினீர்கள், மறுநாள் எழுதிப் போட்டுவிட்டீர்கள். அதற்காக ஒருநாளும் என்னைக் குத்திக் காட்டவில்லை. அந்தப் பதவிக்குப் போனவர் எங்கேயோ உயர்ந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை. போக வேண்டாம் என்றதற்கு நான் இப்போதும் வருத்தப்படவில்லை. இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

பிறகு சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். மாமா இல்லை, அயித்தை இல்லை, வழக்கம் என்று சொல்ல ஒரு சுவர்கூடக் குறுக்கே இல்லை. இப்போதாவது பேசுவார் என்று காத்திருந்தேன். என் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அந்த ஊரின் ரொட்டியைப் பற்றிச் சொன்னீர்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, உங்களைக் கட்டிப்போட்டது பெரியவர்கள் இல்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பற்றி உங்களுக்குப் பேச வராது, அவ்வளவுதான். கண்ணுக்கு மறைந்தால்தான் நாக்குப் புரளும். ஒருமுறை உங்களைச் சோதிக்கவே நான் பத்து நாள் ராயவரம் போனேன். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் என் கன்னத்தையே உற்றுப் பார்த்தாள்.

கடைசியில் திருச்சியில் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்களே, அப்போதும் அதே கதைதான். நான் பக்கத்தில் இருந்த நேரமெல்லாம் அந்த மலை, அந்தச் சாயங்காலம், அந்த நிறம். ஒருநாள் காப்பி வாங்கக் கீழே போய்விட்டு வந்தேன். நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். அங்கே இருந்த நர்ஸுப் பெண், "ஆச்சி, வெறகெல்லாம் அளவா ஒடிச்சு அடுக்குவீங்களாமே, ஐயா இப்பத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க" என்றாள். வேறு என்ன சொன்னார் என்று அவளைப் பிடித்துக்கொண்டேன். நிறையச் சொன்னார் ஆச்சி என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அடிக்கடி காப்பி வாங்கப் போனேன். வேண்டுமென்றே கீழே மர நிழலில் உட்கார்ந்துவிட்டு வருவேன். பேசட்டும், யாராவது கேட்கட்டும் என்று இருந்தது. அந்த நர்ஸுப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாகவும் இருந்தது.

இப்போது நீங்கள் போயிருக்கும் இடத்தில் நான் இல்லை. அப்படியென்றால் அங்கே என்ன நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே உங்களைச் சுற்றி உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள்மேல் எனக்குப் பொறாமைதான், அதை ஒளிக்க மாட்டேன். பிள்ளைகள், ஆத்தா தைரியமாக இருக்கிறாள், அப்பச்சி போன பிறகும் தெம்பாக நடமாடுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். தைரியமெல்லாம் இல்லை. நான் அங்கே வந்து சேர்ந்த அன்று நீங்கள் பேச்சை நிறுத்திவிடுவீர்கள். அதனால்தான் அவசரப்படாமல் இருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருங்கள்.